தண்டுவடம் பாதித்தவர் வீடு திரும்பியதும்: அன்றாடப் பராமரிப்பு, படிப்படியாக

தென்னையிலிருந்து விழுந்தவர், பைக்கில் அடிபட்டவர் என்று எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் தண்டுவடம் பாதித்த பலரை எனக்குத் தெரியும். என் அண்ணனும் அவர்களில் ஒருவர். வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: அடிபட்ட இடத்துக்குக் கீழே வலி தெரியாது. புண் வந்தாலும், சுட்டாலும், சிறுநீர்ப்பை நிறைந்தாலும் உடம்பு சொல்லாது. அதனால் எல்லாவற்றையும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும்.

படி 1: தோல்

அதிக அக்கறை இங்கேதான் வேண்டும். படுக்கைப் புண் சில மணி நேரத்தில் தொடங்கிவிடும். ஆற மாதக்கணக்கில் ஆகும்.

படுத்திருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள், இரவிலும்தான். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி. ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. மல்லாந்து படுத்தால் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பாருங்கள். இழுத்து நகர்த்தாதீர்கள், தூக்கி நகர்த்துங்கள்.

வீல்சேரில் இருந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பிட்டத்தின் மேல் உள்ள அழுத்தத்தை ஒன்றிரண்டு நிமிடம் எடுக்க வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள காற்று டியூபில் உட்கார வைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது வேண்டாம். சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கயிற்றுக் கட்டிலும் வேண்டாம். லுங்கி மடிப்பு, பேன்ட்டின் பின் பாக்கெட் தையல்கூடத் தோலில் பதியும்.

காலையும் இரவும் வால் எலும்பு, இடுப்பு, பிட்டம், குதிகால், கணுக்கால் எல்லாவற்றையும் பாருங்கள். அவரே பார்க்கக் கைக்கண்ணாடி போதும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண்ணின் ஆரம்பம். கறுத்த தோலில் நிறம் சரியாகத் தெரியாது, சூடும் வீக்கமும் தட்டுப்படுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்து, ஒரு நாளில் மாறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மோட்டாரில் ஓடும் காற்று மெத்தை வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது. கரண்ட் போனால் மெத்தை இறங்கிவிடும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு இங்கே நாட்கணக்கில் கரண்ட் இல்லை. ஐப்பசி மழை தொடங்குமுன் தடித்த ஃபோம் மெத்தை ஒன்றும், கூடுதலாகக் காய்ந்த பருத்தித் துணிகளும் எடுத்து வையுங்கள். ஈரத்துணி தோலை ஊற வைத்துவிடும்.

படி 2: சிறுநீர்

டியூப் விட்டு எடுப்பவர்கள் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறையுங்கள். முதல் சில வாரம் அளந்து நோட்டில் எழுதுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுவதை ஒருநாளும் விடக் கூடாது. நிரந்தர டியூப் என்றால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல், டியூப் மடங்காமல் இருக்க வேண்டும்.

கல்யாண வீட்டுக்குப் போக வேண்டுமே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. தண்ணீரைக் குறைத்தால் கிருமித்தொற்றும் கல்லும் வரும். டாக்டர் வேறு அளவு சொல்லாவிட்டால் நாளுக்கு 2 லிட்டர் அளவில் பிரித்துக் குடிக்கலாம். காய்ச்சல், கலங்கிய சிறுநீர், திடீரென்று கூடும் கால் இழுப்பு தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

படி 3: மலம்

தினமும் ஒரே நேரம். காலைச் சாப்பாடு முடிந்து 20, 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரம் நல்லது. கையுறை, ஜெல்லி போட்டு விரலால் தூண்டும் முறையை நர்ஸிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். காயத்தின் இடத்தைப் பொறுத்து முறை மாறும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா சாப்பாட்டில் இருக்கட்டும்.

படி 4: இந்த ஆபத்தை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்

டிஸ்சார்ஜ் சீட்டில் காயத்தின் இடம் டி6 (தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் ஆறாவது இடம்) அல்லது அதற்கு மேலே என்று இருந்தால் திடீரென்று பிரஷர் ஏறலாம். மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே மட்டும் வியர்த்தல் ஆகியவை அடையாளம். இவர்களுக்குப் பிரஷரின் மேல் எண்ணே வழக்கமாக 90 முதல் 110தான். 140 என்பதே அவர்களுக்கு மிக அதிகம்.

படுக்க வைக்காதீர்கள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். டியூப் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்ததா, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். பிறகு மலம் அடைத்திருக்கிறதா, தோலில் புண் இருக்கிறதா, கால் நகம் சதையில் குத்துகிறதா என்று பாருங்கள். சில நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. இந்த ஆபத்தின் மருத்துவப் பெயரை, ‘ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா’ என்று ஒரு அட்டையில் எழுதி வீல்சேரிலேயே மாட்டி வையுங்கள். அவசரத்தில் நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

படி 5: சூடு

காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு தானாகக் குளிராது. அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் வெளியே வேண்டாம்; ஈரத்துண்டு, ஃபேன், அடிக்கடி தண்ணீர். சூடான பாத்திரத்தை மடியில் வைக்கவே கூடாது. குளிக்கும் தண்ணீரை உணர்வுள்ள கையால் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

உதவிக்கு

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வீல்சேருக்கும் அடையாள அட்டைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இவற்றையெல்லாம் தங்கியிருந்து பழக வேலூர் சி.எம்.சி.யில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் இருக்கிறது. அது டாக்டர் மேரி வர்கீஸின் பெயரில் இருக்கும் மையம். 1954இல் விபத்தில் தண்டுவடம் பாதித்த பிறகு, வீல்சேரில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர் அவர். போகும்போது பார்த்துக்கொள்ளப் போகிறவரும் கூடப் போங்கள். இருவருமே கற்க வேண்டிய வேலை இது.