டர்பனுக்கு ஆங்கிலம் படிக்க வருகிறவர்களுக்கு: ஸ்டடி விசாவை ஊரிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள்

லண்டன், சிட்னி எல்லாம் கட்டுப்படியாகாது, ஆங்கிலம் பேசிப் பழக தென்னாப்பிரிக்கா வரலாமா என்று ஊரிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக வரலாம். மொழிப் பள்ளிகள் கேப் டவுனில்தான் அதிகம், டர்பனில் குறைவு. ஆனால் டர்பனில் நம் ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் விசா. நண்பரின் தம்பி ஒருவன் இதில் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட படிப்பென்றால் விசிட்டர் விசாவிலேயே பள்ளிகள் சேர்த்துக்கொள்கின்றன. அதற்கு மேல் போனால் ஸ்டடி விசா வேண்டும். பள்ளியின் சேர்க்கைக் கடிதம், போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கேட்பார்கள், நீங்களும் எதிர்பார்த்ததுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஊரில் எடுக்கும் டிராவல் இன்சூரன்ஸ் ஸ்டடி விசாவுக்குப் போதாது. இந்த நாட்டில் பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் காப்பீடு வேண்டும், இங்கே அதை மெடிக்கல் எய்டு என்பார்கள். நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாற 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும்படி டிக்கெட் போட்டால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றும் கேட்பார்கள்.

இனி கண்ணிக்கு வருகிறேன். ஊரில் உள்ள ஏஜென்ட் சொன்னது இதுதான்: “ஸ்டடி விசா லேட் ஆகும் தம்பி. விசிட்டர் விசாவில் போய்ச் சேர்ந்துகொள். அங்கே போனதும் பள்ளிக்காரர்களே மாற்றித் தருவார்கள்.” பையனும் நம்பி ஆறு மாதப் படிப்புக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வந்து இறங்கினான். இங்கே விண்ணப்ப மையத்துக்குப் போனால், வாங்கவே மாட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். 2014-ல் வந்த குடிவரவு விதிகளின்படி, உயிர் காக்கும் அவசர சிகிச்சை போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, விசிட்டர் விசாவில் உள்ளே வந்தவர் நாட்டுக்குள் இருந்துகொண்டே வேறு விசாவுக்கு மாற முடியாது. ஊருக்குத் திரும்பி அங்கிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். இது ஏஜென்டுக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அவரை ஃபோனில் பிடித்தபோது அடுத்த யோசனை வந்தது. பக்கத்து நாடான எஸ்வாட்டினிக்கோ (பழைய பெயர் சுவாசிலாந்து) லெசோத்தோவுக்கோ ஒரு நாள் போய்விட்டு வந்தால் புதிதாக 90 நாளுக்கு முத்திரை குத்துவார்களாம். இதுவும் பழைய கதை. அப்படித் திரும்பி வருகிறவர்களுக்குப் பழைய தேதியையே போட்டு உள்ளே விடுகிறார்கள். மூன்றாவதாகச் சொன்னதுதான் கொடுமை: “சும்மா இருந்து படித்து முடித்துவிட்டு வா, யார் கேட்கப் போகிறார்கள்?” விமான நிலையத்தில் கேட்பார்கள். குறித்த தேதியைத் தாண்டி 30 நாளுக்குள் கிளம்பினால்கூட 12 மாதம் இந்த நாட்டுக்குள் வர முடியாதபடி ‘வேண்டாதவர்’ பட்டியலில் போடுவார்கள். 30 நாளைத் தாண்டிவிட்டால் 5 வருடம். படிக்க வந்த பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அப்படி ஒரு கறை விழுந்தால், நாளைக்கு கனடாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நல்ல வேளையாகத் தம்பி தேதிக்குள் கிளம்பிவிட்டான். படிக்காத மாதங்களுக்கான பணத்தைப் பள்ளி திருப்பித் தரவில்லை. விசா விவகாரத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அவன் கையெழுத்துப் போட்ட தாளிலேயே அச்சடித்திருந்தது, பொடி எழுத்தில். ஆகவே விசா கைக்கு வரும்வரை முழுத் தொகையைக் கட்டாதீர்கள். முன்பணம் மட்டும் கட்டுங்கள், விசா மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எழுத்து ஆகாது.

விசா ஸ்டிக்கரைப் படிக்கவும் தெரிய வேண்டும். எந்தத் தேதிக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது ஒன்று, நுழைந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. விமான நிலையத்தில் அதிகாரி குத்தும் முத்திரையில் தங்க அனுமதித்த கடைசித் தேதி இருக்கும். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் அதைப் பாருங்கள், பெட்டி எங்கேயும் ஓடிவிடாது.

சரி, டர்பனின் வசதி என்றேனே. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, அடுத்தடுத்த கப்பல்களில் வந்து இறங்கிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் வாரிசுகள் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். கவுண்டர், பிள்ளை, முதலி என்று குடும்பப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில்தான் எழுத்து கொஞ்சம் மாறியிருக்கும். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், ஈஸ்டர் சமயத்தில் புனித வெள்ளியன்று அம்பலவாணர் ஆலயத்தில் தீ மிதிப்பார்கள். ஆனால் வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான். பெரும்பாலானவர்களுக்குத் தமிழ் தேவாரத்தோடு நின்றுவிட்டது. முதலில் எனக்கு அது வருத்தமாக இருந்தது, இப்போதும் கோயிலில் சில பாட்டிமார் கண்ணீரோடு பாடும்போது மனசு என்னவோ செய்யும்.

ஆங்கிலம் பழக வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அப்படி ஒரு வீட்டில் வாடகை அறை பிடியுங்கள். ஊர்ப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து ஃபிளாட் எடுத்தால் வாடகை குறையும், சாம்பாரும் கிடைக்கும், ஆறு மாதம் கழித்து அதே ஆங்கிலத்தோடுதான் திரும்புவீர்கள். நான் முதலில் தங்கிய வீட்டு ஆன்ட்டி, இரவு அடுப்பில் மட்டன் கறி கொதிக்கும்போது மகளின் மாமியாரைப் பற்றி மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் குறை சொல்வார். பதில் சொல்லாவிட்டால் கரண்டியை நீட்டி “கேட்கிறாயா இல்லையா?” என்பார். எந்த வகுப்பும் எனக்கு அவ்வளவு பேச்சு கற்றுத் தரவில்லை. உச்சரிப்பு டர்பன் உச்சரிப்பாக வந்து ஒட்டும், ஒட்டட்டும்.

வகுப்பில் இன்னொரு சங்கதி. சேரும்போது வைக்கும் தேர்வில் நம் பிள்ளைகள் இலக்கணத்தில் வெளுத்து வாங்கி மேல் வகுப்புக்குப் போய்விடுவார்கள். அங்கே அங்கோலாவிலிருந்தும் காங்கோவிலிருந்தும் வந்தவர்கள் தப்பும் தவறுமாகக் கொட்டித் தள்ளிக்கொண்டிருக்க, நம் ஆள் மனசுக்குள் வாக்கியத்தைத் திருத்தி முடிப்பதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போயிருக்கும். முதல் வாரத்தில் இப்படி ஆனால், கூச்சப்படாமல் ஒரு படி கீழே உள்ள வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். அங்கே பேச வாய்ப்பு அதிகம்.

அப்புறம், அடாப்டருக்குக் காசு கொடுக்க வேண்டாம். நம் வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் இருக்கிற பெரிய மூன்று முள் பிளக்தான் இங்கேயும். ஊர்க் கடையில் அந்த அளவு பிளக் டாப் ஒன்றும், நம் சின்ன பிளக் செருகும் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றும் வாங்கி, எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாட்டிக்கொண்டு வந்தால் போதும்.