ஊருக்கு ஆம்புலன்ஸ் வேணும்னா வண்டியை விடுங்க, மொதல்ல டீசலுக்கு யார் காசுன்னு கேளுங்க

அரசாங்க பணத்துல ஒரு ஆம்புலன்ஸ் வண்டி வாங்கறது நம்ம தமிழ்நாட்டுல நீங்க நெனைக்கிற அளவுக்கு பெரிய கஷ்டம் இல்லைங்க, எம்.பி. நிதி இருக்கு எம்.எல்.ஏ. நிதி இருக்கு (தொகுதி வேலைக்குன்னு வருஷா வருஷம் ஒதுக்கற பணம்), ஒழுங்கா கேட்டா நடக்கும். ஆனா ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்ததுக்கு அப்புறம் டிரைவர் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டி தகுதி சான்று) இதெல்லாம் யாரு கட்டறதுன்னு யாரும் பேசிக்க மாட்டாங்க. எத்தனையோ ஆஸ்பத்திரி வளாகத்துல டயர் காத்து இறங்கி, சுத்தி செடி முளைச்சு நிக்கிற வண்டிக்கெல்லாம் காரணம் இதுதான்.

அதனால மொதல் வேலை, புது வண்டி கேக்கறதுக்கு முன்னாடி 108 வண்டி ஒன்னை உங்க பக்கம் நிறுத்த முடியுமான்னு பாருங்க. 2008ல ஆரம்பிச்ச சேவை, மாநிலம் முழுக்க 1,300க்கு மேல வண்டி ஓடுது, செலவு பூரா அரசு பாத்துக்குது, நோயாளி ஒத்தை ரூபா தர வேணாம். வண்டி எங்க நிக்கணும்ங்கறது கேஸ் எங்க அதிகம் வருது, வண்டி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்து முடிவு பண்றது. சும்மா "எங்க ஊருக்கு ஆம்புலன்ஸ் வேண்டும்"னு எழுதினா ஃபைல்ல தூங்கும். போன் பண்ணினது எத்தனை மணி (அது மொபைல் கால் லிஸ்ட்லயே இருக்கும்), வண்டி வந்தது எத்தனை மணி, எந்த ஆஸ்பத்திரிக்கு போச்சு, ஊர்க்காரங்க கிட்ட கேட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. அதோட ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை சட்ட மனு) போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நம்ம ஒன்றியத்துல 108 எங்கெங்க நிக்குது, போன வருஷம் எத்தனை கேஸ், சராசரியா எத்தனை நிமிஷத்துல போய் சேருதுன்னு மூணே கேள்வி. 30 நாள்ல பதில் தரணும்.

இன்னொரு விஷயம், 108ல டிரைவரை பைலட்னு சொல்வாங்க, கூட அவசர சிகிச்சை தர ஒரு இ.எம்.டி. (மருத்துவ உதவியாளர்) இருப்பாங்க, ரெண்டு பேரும் 12 மணி நேரம் டியூட்டி. அவங்க உக்கார ஒரு ரூம், பாத்ரூம், கரண்ட் கனெக்‌ஷன், வண்டிக்கு நிழல், இதை ஊராட்சியே தர்றோம்னு மனுவுலயே சேத்து எழுதிடுங்க. பெண் இ.எம்.டி.யும் வருவாங்க, பாத்ரூம் இல்லாத இடத்துல ராத்திரி முழுக்க எப்படி இருப்பாங்க சொல்லுங்க, இதை பெரும்பாலும் யாரும் யோசிக்கறதே இல்ல.

அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு இருக்கு. தலைவர் இல்லாம தனி அலுவலர் இருக்கற ஊர்லயும் நடக்கும். தீர்மானமா போட சொல்லுங்க, மினிட்ஸ் புக்ல நம்பரோட ஏறுச்சான்னு கண்ணால பாத்துட்டு நகல் வாங்குங்க. இந்த ஒரு பேப்பர் இருந்தா அப்புறம் எங்க போனாலும் நீங்க தனி ஆள் இல்ல.

108 கிடைக்காது, இல்ல கிடைச்சும் பத்தாது, ஊருக்குன்னு தனியா வண்டி வேணும்னா நிதிக்கு வாங்க. எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி, எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. கேட்டா எம்.பி. நிதி பெருசு மாதிரி தெரியும், ஆனா ஒரு எம்.பி. தொகுதிக்குள்ள ஆறு சட்டமன்ற தொகுதி, பிரிச்சு பாத்தா தொகுதிக்கு ஒரு கோடி கூட வராது, அதனால என்னைக் கேட்டா எம்.எல்.ஏ. கிட்ட மொதல்ல போங்கன்னு தான் சொல்வேன். ஆனா அந்த 3 கோடியிலயும் ஒரு பங்கு குறிப்பிட்ட வேலைக்குன்னு ஒதுக்கி இருக்கும், மிச்சம் எவ்வளவுன்னு அவங்க ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. ராஜ்யசபா எம்.பி.யை எல்லாரும் மறந்துடறாங்க, நமக்கு 18 பேர் இருக்காங்க, அவங்க மாநிலத்துல எந்த மாவட்டத்துக்கு வேணாலும் பரிந்துரை பண்ணலாம். போறதுன்னா ஏப்ரல் மே மாசத்துல போங்க, பிப்ரவரில போனா காசு ஏற்கனவே ரோட்டுக்கும் ஹைமாஸ் லைட்டுக்கும் போயிருக்கும். தேர்தல் தேதி அறிவிச்சுட்டா புது அனுமதி எதுவும் வராது.

எம்.பி. வெறும் பரிந்துரை தான் பண்ணுவார், இப்ப அது இ-சாக்‌ஷின்னு ஒரு போர்ட்டல்ல ஏறணும், நிர்வாக அனுமதி கலெக்டர் பக்கம், ஃபைல் நகர்றது மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைல. வண்டியை வாங்கறதும் அரசு தான், அதனால ஷோரூம் கொட்டேஷன் எடுத்துட்டு ஓடாதீங்க. முக்கியமா, எம்.பி. நிதில வாங்கற வண்டி உங்க டிரஸ்ட் பேர்ல வராது, அரசு பேர்ல தான் இருக்கும். அந்த நிதில சம்பளம், டீசல் மாதிரி தொடர் செலவுக்கு பைசா கிடையாது.

இப்ப கணக்கு போடுங்க. ஜி.எச். (அரசு ஆஸ்பத்திரி) 40 கிலோமீட்டர்னா போக வர 80, லிட்டருக்கு 10 கிலோமீட்டர்னு வெச்சா 8 லிட்டர், லிட்டர் 92னு போட்டாலே 736 ரூபா, இது ஒரே ஒரு ட்ரிப்புக்கு. 24 மணி நேரமும் ஓடணும்னா டிரைவர் ரெண்டு பேர் பத்தாது, லீவுக்கு மூணாவது ஆள் வேணும். ஆக்சிஜன் பி டைப் சிலிண்டர்ல சுமாரா 1,500 லிட்டர் இருக்கும், நிமிஷத்துக்கு 10 லிட்டர் போனா ரெண்டரை மணி நேரத்துல காலி, ரீஃபில் எங்க, யார் எடுத்துட்டு போவா? வருஷ செலவுன்னு ஒரு பக்கத்துல இதை எழுதி, எந்த ஆரம்ப சுகாதார நிலையம் இல்ல ஜி.எச். பொறுப்பு எடுக்குதோ அவங்க மெடிக்கல் ஆபீசர் கிட்ட "ஓட்டறதுக்கு நாங்க தயார்"னு லெட்டர் வாங்கி மனுவோட வைங்க. இந்த லெட்டர் கிடைக்கலைன்னா வண்டி கேக்கறதை தள்ளிப் போடுங்க, அவ்வளவு தான்.

டிரஸ்ட் மூலமா ஓட்டறதா இருந்தா பக்கத்துல இருக்கற பெரிய மில், ஃபேக்டரியோட சி.எஸ்.ஆர். பணத்தை (கம்பெனிங்க சமூக நலனுக்கு செலவு பண்ற பணம்) கேக்கலாம். கம்பெனி சட்டம் 2013 படி குறிப்பிட்ட அளவுக்கு மேல இருக்கற கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணியே ஆகணும், மருத்துவம் அதுல வரும். டிரஸ்ட்டுக்கு வருமான வரித்துறையோட 12ஏ, 80ஜி பதிவும், சி.எஸ்.ஆர். பணம் வாங்கறதுக்கான சி.எஸ்.ஆர்-1 பதிவும் இருக்கணும். வண்டி கேக்காதீங்க, மூணு வருஷம் வண்டி ஓட்டற செலவை கேளுங்க, ஸ்டிக்கர்ல பேர் போடறோம்னா சந்தோஷமா தருவாங்க.

வண்டி வகையும் மனுவுல தெளிவா இருக்கட்டும். ஆம்புலன்ஸ் வண்டிக்கான ஏ.ஐ.எஸ்.-125 விதில ஏ, பி, சி, டின்னு நாலு இருக்கு, பி சும்மா நோயாளியை கொண்டு போறது, சி அடிப்படை உயிர்காப்பு, டி வென்டிலேட்டர் எல்லாம் இருக்கறது. பயிற்சி பெற்ற ஆள் இல்லாத ஊர்ல டி கேக்கறது வீண், அந்த மெஷினை தொட தெரிஞ்சவங்க வேணுமே. டயாலிசிஸ், செக்கப்னு போறவங்க தான் அதிகம்னா பி போதும், விபத்து நடக்கற ஹைவே ஊர்னா சி கேளுங்க.

மனுவை திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்லயும் ஒரு காப்பி குடுங்க, முதல்வர் உதவி மைய நம்பர் 1100க்கு போன் பண்ணியும் பதியலாம். ரெண்டுலயும் மனு நம்பர் தருவாங்க, அதை வாங்காம நகராதீங்க. ஒரு மாசத்துல பதில் இல்லைன்னா அதே நம்பரை போட்டு "இந்த மனு இப்போது எந்த அலுவலர் மேசையில் உள்ளது, எந்த தேதியில் அனுப்பப்பட்டது"ன்னு ஆர்.டி.ஐ. எழுதுங்க.