கம்பெனி ஸ்டீரியோவோடு ஆம்ப், சப்வூஃபர்: என் அனுபவம்

காரோடு வந்த ஸ்டீரியோவைக் கழற்ற எனக்கு மனசில்லை. ஸ்டியரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அதோடுதான் இணைந்திருக்கிறது. ஆனால் தவில் சத்தம் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்டால் எப்படிப் பொறுப்பது?

அந்த ஸ்டீரியோவில் ஆர்சிஏ அவுட்புட், அதாவது ஆம்ப்புக்கு (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) நேராக சிக்னல் கொடுக்கும் சாக்கெட் கிடையாது. பின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்து, அதை ஆம்ப் ஏற்கும் அளவுக்குக் குறைக்கும் லைன் அவுட்புட் கன்வெர்ட்டர் வழியாக ஆம்ப்புக்குக் கொடுக்கச் சொன்னேன். டிக்கியில், அடித்தொனிக்கென்றே இருக்கும் 10 இன்ச் சப்வூஃபர் ஸ்பீக்கர். பவர் வயர் நேராகப் பேட்டரியிலிருந்து. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். இதில் சமரசமே கூடாது. வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால், ஃப்யூஸ் இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்.

எல்லாம் மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்ததும் 'ஙொய்ங்' என்று இரைச்சல். வால்யூமைக் குறைத்தாலும் போகவில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க சுருதி ஏறியது. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் சத்தமேதான். கடையில் ஃபில்டர் வாங்கச் சொன்னார்கள். நான் கிரவுண்டைப் பார்த்தேன், அதாவது ஆம்ப்பின் நெகட்டிவ் வயரைக் கார் பாடியில் போல்ட் போட்டு இணைத்த இடத்தை. பாட்டு ஓடும்போது ஆம்ப்பின் கிரவுண்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இணைப்பு சரியில்லை என்று அர்த்தம். போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயின்ட் அப்படியே இருக்கிறது! உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, ரிங் டெர்மினலை இறுக்கி, துரு பிடிக்காமலிருக்க மேலே பெயின்ட் பூசினேன். இரைச்சல் சுத்தமாக நின்றது.

கீழ்த் தொனியை மட்டும் சப்வூஃபருக்கு விடும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். ஆம்ப்பில் இருக்கும் கெயின் குமிழ், வால்யூம் குமிழ் அல்ல; ஸ்டீரியோ சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதற்கானது. சத்தம் உடையத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்கள். இப்போது தவிலின் தொப்பிப் பக்கம் தனியாகக் கேட்கிறது. நம்பர் பிளேட் அதிர்வதை மட்டும் இன்னும் சரிசெய்யவில்லை.