ட்ரோனில் மாற்று பேட்டரி: சதவீதத்தை மட்டும் நம்பிப் பறக்காதீர்கள்

2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய இந்தியா தடை போட்டது. உதிரி பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் கல்யாண வீடியோ எடுப்பவர்களில் இன்னும் டிஜேஐ கம்பெனியின் பழைய பேண்டம் 4 ப்ரோ ட்ரோனையே பறக்கவிடுகிறவர்கள் உண்டு. மோட்டாரும் கேமராவும் நன்றாகத்தான் இருக்கும், முதலில் போவது பேட்டரி. அப்போது வேறு கம்பெனி பேட்டரி வாங்குவோம், இல்லையென்றால் பழையதைப் பிரித்துப் புது செல் போடக் கொடுப்போம். கவனமாக இருந்தால் முதல் வழி சரி. இரண்டாவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இந்த ஸ்மார்ட் பேட்டரிக்குள் நான்கு செல்களும் ஒரு சர்க்யூட் போர்டும் இருக்கின்றன. போர்டில் உள்ள சிப், உள்ளே போன கரன்ட் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கணக்கு வைக்கிறது. முழு சார்ஜில் எவ்வளவு கொள்ளும் என்று தன் நினைவில் வைத்திருக்கும் எண்ணோடு அதை ஒப்பிட்டுத்தான் நம் திரையில் சதவீதம் காட்டுகிறது. அதாவது வோல்டேஜ் அளந்து சொல்வது, சதவீதம் கணக்குப் போட்டுச் சொல்வது. நினைவில் உள்ள எண் தப்பென்றால் சதவீதமும் தப்பு. மாற்று பேட்டரியில் நடக்கும் பெரும்பாலான விபரீதங்களுக்கு வேர் இதுதான்.

ஆகவே முதல் தவறு, புது பேட்டரியைப் போட்டு அன்றைக்கே மண்டபத்துக்கு மேலே தூக்குவது. மட்டமான செல்களில் உள்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே கரன்டை எதிர்க்கும் தடை, அதிகம். திரையில் 34 சதவீதம் இருக்கும். எதிர்காற்றில் கொஞ்சம் ஸ்டிக்கைத் தள்ளினால் ஒரு செல் மட்டும் 3.1 வோல்ட்டுக்குச் சரியும். சிப் பதறிப்போய் மிச்சத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். ட்ரோன் தானாக இறங்கத் தொடங்கும், அதை ரத்து செய்ய முடியாது. கீழே கூட்டம் நிற்கிறதா, மின்கம்பி போகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒதுக்கி இறக்குவது மட்டுமே உங்கள் கையில்.

இதைத் தவிர்க்க ஒரு காலி மைதானம் போதும். முழுசாக சார்ஜ் போட்டு, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ஆப்பில் பேட்டரி பக்கத்தைத் திறந்தால் நான்கு செல்லின் வோல்டேஜும் தனித்தனியாகத் தெரியும். நான்கும் 4.35-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பிறகு ட்ரோனை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே காற்றில் அப்படியே நிறுத்தி வையுங்கள். 80, 60, 40 சதவீதத்தில் ஒவ்வொரு செல்லும் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு செல் மற்றவற்றைவிட 0.1 வோல்ட்டுக்கு மேல் பின்தங்கினால் அந்தப் பேட்டரியைத் திருப்பிக் கொடுங்கள். 40 சதவீதம் என்று சொல்லும்போதே செல் 3.5-க்கு வந்துவிட்டால் அந்தச் சதவீதத்தை நம்ப முடியாது. அதற்கப்புறம் அந்தப் பேட்டரியில் பறக்கும்போதெல்லாம் வோல்டேஜைத் திரையிலேயே வரவைத்து, எந்த செல்லாவது 3.5-ஐத் தொடும்போது தரையிறங்கும்படி திட்டமிடுங்கள். சார்ஜ் எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டுவதை மட்டும் வைத்துப் புதுசு என்று முடிவுகட்டாதீர்கள். அது சிப்பில் இருக்கும் ஒரு பதிவுதான், மாற்றி எழுதவும் முடியும்.

இனி செல் மாற்றும் விஷயம். பேண்டம் 4 ப்ரோ சார்ஜர் 17.4 வோல்ட் தருகிறது, அதாவது செல்லுக்கு 4.35. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் லித்தியம் பாலிமர் செல்லின் உச்சவரம்பு 4.2 தான். அளவு பொருந்துகிறதே என்று அந்த செல்லை உள்ளே வைத்தால், ஒவ்வொரு முறையும் வரம்பு மீறி சார்ஜ் ஏறும். உப்புவதும் தீப்பிடிப்பதும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. சரியான செல்லே கிடைத்தாலும் சிப்பின் நினைவில் பழைய செல்லின் கொள்ளளவும் உள்தடையும்தான் இருக்கும். போதாததற்கு, செல்லைக் கழற்றும்போது வோல்டேஜ் காணாமல் போவதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு சிப் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளவும் கூடும். அந்தப் பூட்டைத் திறந்து தருகிறேன் என்பவர் பாதுகாப்பையும் சேர்த்துக் கழற்றிவிட்டாரா என்பது நமக்குத் தெரியப்போவதில்லை.

லேபிளில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பேண்டம் 4 ப்ரோவின் ஒரிஜினல் பேட்டரி 5870 எம்.ஏ.எச் (மில்லி ஆம்பியர்-மணி, கொள்ளளவின் அலகு), எடை 468 கிராம். அதைவிட அதிகம் என்று அச்சடித்த பேட்டரி தராசில் கணிசமாகக் குறைவாக நின்றால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஆப்பில் வரும் எச்சரிக்கையை ஓகே அழுத்தித் தள்ளிவிட்டுப் பறப்பது இன்னொரு பழக்கம். பேட்டரிக்குள்ளும் மென்பொருள் இருக்கிறது. புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டால் நிகழ்ச்சி நாளில் அதைத் தொடாதீர்கள். வேறு கம்பெனி போர்டில் அது பாதியில் நின்றால் பேட்டரி எழுந்திருக்காமலே போகலாம். வீட்டில், நேரம் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மருந்து தெளிக்கும் ட்ரோன், சொந்தமாகக் கட்டிய ட்ரோன் வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. ஆர்டுபைலட் என்ற பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஓடும் போர்டில், வோல்டேஜையும் கரன்டையும் அளந்து சொல்லும் சாதாரண பவர் மாட்யூல் போட்டிருந்தால் பேட்டரிக்குள் கணக்கு வைக்க ஆளில்லை. ஸ்விட்ச் போட்டதும் பேட்டரி நிறைந்திருக்கிறது என்றே போர்டு எடுத்துக்கொள்ளும். பாதி தீர்ந்ததை மாட்டினாலும் 100 சதவீதம்தான். கொள்ளளவையும் நாம்தான் எழுதித் தர வேண்டும். 22,000 எம்.ஏ.எச் பேட்டரியைக் கழற்றிவிட்டு 16,000 மாட்டி, பழைய எண்ணையே விட்டுவைத்தால், பேட்டரி சுத்தமாகத் தீரும் நேரத்திலும் திரையில் 27 சதவீதம் மிச்சம் இருக்கும். பேட்டரி மாற்றிய கையோடு அந்த எண்ணை மாற்றுங்கள். ஆபத்துக் காலத் தரையிறக்கத்தைச் சதவீதத்தில் மட்டும் விடாமல் வோல்டேஜிலும் கட்டி வையுங்கள்.

சார்ஜ் போடுவது 5 முதல் 40 டிகிரிக்குள் நடக்க வேண்டும். மே மாத வெயிலில் நிற்கும் கார் அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டும். இறங்கிய சூட்டோடும் சார்ஜில் போடக்கூடாது.

ஒரிஜினல் பேட்டரி பத்து நாள் சும்மா இருந்தால் தானே 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கும், அப்போது லேசாகச் சுடும். அது கோளாறு இல்லை. மாற்று பேட்டரியில் அந்த வசதி இருக்கும் என்று நினைத்து நிறைத்து வைத்தால் சீக்கிரம் உப்பும். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் 40-க்கும் 65-க்கும் இடையில் நீங்களே இறக்கி வையுங்கள். உப்பிய பேட்டரி அதன் அறைக்குள் முழுசாகப் போகாது, பூட்டு இரண்டு பக்கமும் பிடிக்காது, நடுவானில் கழன்றுவிடலாம். அமுக்கித் தள்ளிப் பூட்டாமல், சார்ஜும் போடாமல், மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.