மழைக்காலத்தில் நீரற்ற கரைப்பான்

ஐப்பசி அடைமழை பிடித்தால் தஞ்சாவூர்ப் பக்கம் அடுப்படி உப்பே நீர்த்துப்போகும். ஆய்வகத்து நீரற்ற கரைப்பான் மட்டும் தப்புமா? மூடியைத் திறந்து ஊற்றாதீர்கள். நைட்ரஜன் பலூன் செருகி, ரப்பர் செப்டம் (ஊசி குத்தி எடுக்கும் அடைப்பு) வழியாக உலர்ந்த சிரிஞ்சால் எடுங்கள்.

டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானை உலர்த்த, நுண்துளைகளில் நீரை உறிஞ்சிப் பிடிக்கும் 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடை மணிகளே போதும். சோடியம் போட்டுக் காய்ச்சி வடிக்கும் ஆபத்து எதற்கு? மணிகளை 300 டிகிரி செல்சியஸில் ஓரிரவு சூடாக்கி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) ஆறவிட்டு, 100 மில்லி கரைப்பானுக்கு 20 கிராம் போட்டு மூன்று நாள் விடுங்கள். புதிதாக வாங்கிய மணிகளையும் சூடாக்கித்தான் ஆகவேண்டும். பலர் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். கையுறை போட்ட உள்ளங்கையில் நாலு மணி வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுள்ளென்று சுட வேண்டும்; அப்போதுதான் மணி நன்றாக உலர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், பாட்டிலைத் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். நாள்பட்டால் இந்தக் கரைப்பானில் பெராக்சைடு என்ற வெடிக்கக்கூடிய சேர்மம் சேரும். சோதிக்காமல் வற்றக் காய்ச்சினால் வெடிக்கலாம்.