வீட்டுக் கணினிப் பாதுகாப்பில் நாம் செய்யும் தவறுகள்

கணினிப் பாதுகாப்பு என்றதும் ஆன்டிவைரஸ் ஒன்றை நிறுவிவிட்டு, அதோடு கடமை முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணுகிறார்கள். ஆன்டிவைரஸ் தேவைதான். ஆனால் விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு அதுவே போதுமானது என்பது என் கருத்து. ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று இன்னொன்றை நிறுவினால், டிஃபெண்டர் பொதுவாகத் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும்; இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒருசேர இயக்கினாலோ, அவை ஒன்றோடொன்று முரண்பட்டுக் கணினி மந்தமாகக்கூடும்.

உண்மையில் பெரிய தவறு அப்டேட்டைத் தள்ளிப்போடுவதுதான். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்னும் பிணைத்தொகை வைரஸ், பல நாடுகளில் லட்சக்கணக்கான கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள்கூட அதனால் முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம் இருந்தும், அதை நிறுவாமல் விட்டிருந்த கணினிகளே சிக்கின. அப்டேட் வெளியாகும்போது ஓட்டை எங்கே இருக்கிறது என்பது தாக்குபவர்களுக்கும் தெரிந்துவிடுவதால், 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஆபத்து கூடுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்டுகள் வழக்கம்போல் வருவது, 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். பிரவுசருக்கும், நாம் மறந்தே போகும் வைஃபை ரூட்டருக்கும் இதே விதிதான். ரூட்டரோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது, அன்றாட வேலைகளையும் நிர்வாகி கணக்கிலேயே செய்வது. விண்டோஸை நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கு நிர்வாகி கணக்கு என்பதால், பெரும்பாலான வீடுகளில் எல்லோரும் அதையே பயன்படுத்துகிறார்கள். சாதாரணப் பயனர் கணக்கில் இருக்கும்போது ஒரு நிரல் கணினி முழுவதையும் மாற்ற முயன்றால், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு அது நிற்கும். நிர்வாகி கணக்கிலோ 'ஆம்' என்று ஒரு முறை சொடுக்கினாலே போதும். பிள்ளைகள் பயன்படுத்தும் கணினியில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம்.

சொடுக்கு என்றதும் கோப்புப் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோப்புப் பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வந்து, அது எந்த வகைக் கோப்பு என்று காட்டும் பின்னொட்டை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவைக்கிறது. மின்னஞ்சலில் வரும் 'ரசீது.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற கோப்பு, 'ரசீது.பிடிஎஃப்' என்றே கண்ணுக்குத் தெரியும். ஆவணம் என்று நம்பித் திறப்பவர் உண்மையில் ஒரு நிரலை இயக்குகிறார். ஃபைல் எக்ஸ்புளோரரின் அமைப்பில் பின்னொட்டுகளைக் காட்டச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. கட்டண மென்பொருளின் 'கிராக்' பதிப்பை, அதாவது பணம் கட்டாமல் இயங்கும்படி பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப் பதிப்பை, இறக்குவதும், அது கேட்பதற்காக ஆன்டிவைரஸை நிறுத்திவைப்பதும் திருடனிடம் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

கடவுச்சொல்லில் எல்லாவற்றையும்விட மோசமான பழக்கம், ஒன்றையே பல இடங்களில் பயன்படுத்துவது. ஏதோ ஒரு சிறிய தளத்திலிருந்து அது கசிந்தால், அதையே உங்கள் மின்னஞ்சலிலும் தானியங்கி நிரல்கள் முயன்று பார்க்கும். மின்னஞ்சல் போனால், அதன் வழியே மற்ற கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றிவிட முடியும். எனவே மின்னஞ்சலுக்குத் தனியான, நீண்ட கடவுச்சொல்லும், அதோடு கைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இன்னொன்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கட்டாயம் வேண்டும். மற்றவற்றை நினைவில் வைக்கும் பொறுப்பைக் கடவுச்சொல் மேலாளர் செயலியிடம் விட்டுவிடலாம்.

இவ்வளவு செய்தும் கோப்புகள் போகக்கூடும் என்பதால்தான் பேக்கப் எடுக்கிறோம். ஆனால் அந்த வெளிப்புற ஹார்டு டிஸ்கை எந்நேரமும் கணினியில் செருகியே வைத்திருந்தால், பிணைத்தொகை வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். நகல் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். எடுத்த நகலிலிருந்து சில புகைப்படங்களையாவது அவ்வப்போது திறந்து சரிபாருங்கள். பணம் கேட்கும் திரை என்றாவது தோன்றினால், பதற்றத்தில் அந்த டிஸ்கை எடுத்துச் செருகிவிடாமல், முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து, கணினியைத் துடைத்து விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகே அதை இணைக்க வேண்டும்.