பின்னறைக்கு வைஃபை வந்த கதை

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வைஃபை எட்டாது. பழைய ரவுட்டர் ஒன்றை லேன் கேபிளால் முன்னறை ரவுட்டரோடு இணைத்தேன். கைப்பேசி இணையும், இணையம் மட்டும் வந்து வந்து போகும். கேபிளை மாற்றினேன், ரீசெட் செய்தேன். மூன்று நாள் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன். உலாவியில் ரவுட்டரின் முகவரியான 192.168.0.1 என்று அடித்தால் ஒரு தடவை முன்னறை ரவுட்டரின் அமைப்புப் பக்கம் வருகிறது, மறு தடவை பழையதன் பக்கம். இரண்டுக்கும் ஒரே முகவரி! போதாததற்கு, இரண்டுமே கைப்பேசிகளுக்கு ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண், கொடுத்துக்கொண்டிருந்தன.

பழையதைத் தனியாகக் கழற்றி, மடிக்கணினியில் செருகி, அதன் முகவரியை 192.168.0.2 ஆக்கினேன். பிறகே அதில் ஐபி முகவரி கொடுக்கும் வசதியான டிஹெச்சிபியை (DHCP) நிறுத்தினேன். மறுபடி இணைத்தபோது கேபிள் இரு பக்கமும் லேன் துளையில்தான். வெளி இணையத்துக்கான வேன் (WAN) துளை காலி. கைப்பேசியில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டதும் சரியானது. அப்பாடா, இப்போது பின்னறையிலும் காணொளி தடங்கலின்றி ஓடுகிறது.